நீங்குதலின் அறம்: சமூக ஊடகத் தளங்களும் மாற்றிடம் தேடுவோரும்

முன்னுரை

பலர் கூடிப் பேசும் இடமொன்று பேசத் தகாத இடமாக மாறுமாயின், அங்கிருப்போர் செய்யத்தக்கது யாது என்னும் வினா அறவியலில் பழமையானது. அவையை விட்டு நீங்குவதா, அவையிலேயே நின்று திருத்த முயல்வதா என்பதே அதன் சாரம். இணையச் சமூகத் தளங்களின் காலத்தில் இவ்வினா எண்ணற்றோரின் அன்றாட வினாவாகியுள்ளது. 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 2023 ஜூலையில் ‘எக்ஸ்’ எனப் பெயர் மாற்றப்பெற்ற ட்விட்டர் தளத்தில் இந்தியப் பயனர்கள் பெற்ற அனுபவத்தை முன்வைத்து, நீங்குதல் எப்போது அறமாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மனமுறிவின் வரலாறு

ட்விட்டரின் மீதான மனமுறிவு ஈலான் மஸ்க் அதனை வாங்கியதிலிருந்தே தொடங்கியது என்பது பொதுவான எண்ணம். இந்தியாவைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் முழுமையானதன்று. 2019 அக்டோபர் இறுதியில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கு முடக்கப்பெற்றது. அதனையொட்டி நவம்பரில் இந்தியப் பயனர் பலர் மாஸ்டடான் என்னும் தளத்திற்குச் சென்றனர். அதே காலத்தில், கணக்குகளுக்கு நீலக்குறி வழங்குவதில் சாதிப் பாகுபாடு நிலவுவதாகத் தலித், பிற்படுத்தப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்த செயற்பாட்டாளர்கள் குற்றம் சாட்டினர். மாஸ்டடானுக்குச் சென்றோருள் பலர் நாளடைவில் மீண்டும் ட்விட்டருக்கே திரும்பினர்.

2022 அக்டோபர் 27 அன்று 4,400 கோடி டாலருக்குத் தளம் கைமாறிய பின் மனமுறிவு உலகளாவியதாயிற்று. நவம்பரில் பணியாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் நீக்கப்பட்டனர். 2023 ஜனவரியில் பிற நிறுவனங்கள் உருவாக்கிய செயலிகள் தடுக்கப்பட்டன. ஏப்ரலில் பழைய நீலக்குறிகள் அகற்றப்பட்டு, அக்குறி கட்டணம் செலுத்துவோருக்கு உரியதாயிற்று. முன்னர்ப் பாகுபாட்டின் அடையாளமென்று குறைகூறப்பட்ட குறி, பின்னர் விலைப்பொருளாயிற்று. இரு நிலைகளிலும் அதன் பொருளை முடிவு செய்தவர் பயனர் அல்லர் என்பது கருதத்தக்கது.

பொதுவெளியும் உடைமையும்

2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலை வீசியபோது, உயிர்வளி உருளைக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் இந்திய நகரங்கள் பலவற்றிலிருந்து ட்விட்டரில் வேண்டுகோள்கள் எழுந்தன. அறிமுகமற்றோர் அவற்றைத் திரட்டினர், சரிபார்த்தனர், உரியவரிடம் சேர்ப்பித்தனர். அந்நாட்களில் அத்தளம் ஊர்ப் பொதுக்குளம் போலப் பயன்பட்டது. ஆயினும் குளம் தனியொருவர் நிலத்தில் இருந்தது. குடிமராமத்தில் கரையைச் செப்பனிட்ட ஊரார் நீரின்மேல் உரிமை கோர இயலும். சமூகத் தளத்தில் உழைத்தோருக்கு அத்தகைய உரிமை இல்லை. மனமுறிவின் வேர் இங்குதான் உள்ளது. தளத்தின் தரம் தாழ்ந்தது மட்டுமே பயனரை வருத்தவில்லை. தாம் உண்டாக்கிய பயன் தம்முடையதன்று என்னும் அறிவே அவரைப் பெரிதும் வருத்துகிறது.

புரவலரை நீங்கிய புலவர்

தமிழ் மரபில் இதற்கு ஒப்புநோக்கத்தக்க சூழல் பரிசில் வாழ்க்கை. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தரக் காலம் நீட்டித்தபோது ஔவையார் பாடியதாகப் புறநானூற்றின் 206ஆம் பாடல் அமைந்துள்ளது. இளவெளிமான் தகுதி அறியாது தந்த சிறு பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். பின்னர்க் குமணனிடம் பெற்ற யானையை இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டிச் சென்றார் என்பது 162ஆம் பாடலின் சூழல். இப்புலவர்களின் பெருமிதத்திற்கு ஓர் அடிப்படை உண்டு. புலமை அவர்களுடையது, யாண்டுச் செல்லினும் அஃது உடன்வரும். புரவலனால் அதனைப் பறித்துக்கொள்ள இயலாது.

இன்றைய பயனரின் நிலை வேறு. அவர் தம் எழுத்தாற்றலை எடுத்துச் செல்லலாம். ஆனால் பல்லாண்டுகளாகச் சேர்த்த வாசகரையும் உரையாடல்களையும் எடுத்துச் செல்ல இயலாது. இழப்பின் அளவும் எல்லார்க்கும் ஒன்றன்று. அச்சிதழிலும் கல்விக்கூடத்திலும் இடமுடைய எழுத்தாளர் எளிதில் நீங்கலாம். வேறெங்கும் குரல் கேட்கப்பெறாத ஒருவருக்கு அத்தளமே ஒரே மன்றமாக இருக்கக்கூடும். ஆகவே நீங்குதலை மானத்தின் அளவுகோலாகவும், தங்குதலைக் கோழைமையாகவும் கொள்வது பொருந்தாது. நீங்கும் ஆற்றலே ஒருவகைச் செல்வம். அஃது எல்லாரிடமும் ஒப்ப இல்லை.

வெளியேற்றமும் குரலும்

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், சீர்கெடும் நிறுவனத்தின்பால் மக்கள் மேற்கொள்ளத்தக்க வழிகளாக வெளியேற்றம், குரல் எழுப்பல் ஆகிய இரண்டையும், அவற்றிடையே நின்று செயற்படும் பற்றினையும் விளக்கினார். தரத்தில் மிகுந்த அக்கறையுடையோரே முதலில் வெளியேறுவராயின், உள்ளிருந்து திருத்தும் குரல் மெலியும் என்பது அவர் சுட்டிய சிக்கல். இக்கருத்து நீங்குவோரின் பொறுப்பை நினைவூட்டுகிறது. எனினும் குரலுக்குச் செவி வேண்டும். பயனரின் வாக்கோ ஒப்புதலோ தேவைப்படாத உடைமையமைப்பில், குரல் எழுப்புவோர் முறையிடலாமேயன்றி முடிவெடுக்க இயலாது. அத்தகு இடத்தில் பற்றினைக் கடமையாக வற்புறுத்துவது உடைமையாளருக்கே பயன்தரும்.

பழைமையும் தீ நட்பும்

திருக்குறளில் பழைமை 81ஆம் அதிகாரமாகவும் தீ நட்பு 82ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. நெடுநாள் நண்பர் உரிமையால் செய்யும் பிழையைப் பொறுத்தல் முன்னதன் அறம். பண்பிலார் நட்பைக் கைவிடுதல் பின்னதன் அறம். மேற்போக்காக முரண்போல் தோன்றும் இவ்விரண்டும் இச்சிக்கலுக்குத் தெளிவு தருகின்றன. ‘இத்தனை ஆண்டுகள் இருந்த இடத்தை விட்டுச் செல்வது தகுமா’ என வருந்தும் பயனர், பழைமையின் அறத்தைத் தளத்திற்கு உரியதாகக் கொள்கிறார். உண்மையில் நட்புக்குரியோர் அங்குக் கூடிய மனிதரே. தளம் அவர்கள் கூடிய இடம் மட்டுமே. தளத்தோடுள்ள உறவைத் தீ நட்பின் அளவுகோலால் அளந்து விடுக்கலாம். மனிதரோடுள்ள உறவை அவ்வாறு விடுத்தல் ஆகாது. இவ்விரண்டையும் பிரித்துணராமையே சிலரை வீணே தங்கச் செய்கிறது; வேறு சிலரைச் சொல்லாமலே நீங்கச் செய்கிறது.

மாற்றிடத்தின் தகுதி

செல்லும் இடத்தின் தகுதியும் ஆராயத்தக்கது. 2020இல் கன்னடத்தில் தொடங்கி இந்திய மொழிகளுக்கு முதன்மை தந்த ‘கூ’ செயலி, 2021இன் தொடக்கத்தில் விவசாயிகள் போராட்டத்தையொட்டி மைய அரசுக்கும் ட்விட்டருக்கும் பிணக்கு எழுந்தபோது பெரிதும் கவனம் பெற்றது. அமைச்சர் பலர் அதில் இணைந்தனர். 2024 ஜூலையில் அதன் நிறுவனர்கள் அதனை மூடுவதாக அறிவித்தனர். தாய்மொழியில் எழுத இடமளித்த அதன் நோக்கம் பாராட்டத்தக்கது. ஆயினும் உடைமையமைப்பு மாறாதவரை, புதிய இடமும் பிறர் முடிவுக்குக் கட்டுப்பட்டதே என்பதை அதன் முடிவு காட்டுகிறது.

2016இல் ஆய்கன் ராஹ்கோ உருவாக்கிய மாஸ்டடான் வேறு வகையினது. தனித்தனியே நடத்தப்பெறும் வழங்கிகள் பல, பொதுவான நெறிமுறையால் இணைந்து இயங்குகின்றன. ஒரு வழங்கியை விட்டு மற்றொன்றுக்குச் செல்பவர் தம்மைப் பின்தொடர்வோரை உடன்கொண்டு செல்லலாம். பழைய பதிவுகள் மட்டும் இடம்பெயரா. புலவரின் பெருமிதத்திற்கு அடிப்படையான உரிமை இங்கு ஓரளவு மீள்கிறது. ஆனால் இதற்கும் விலை உண்டு. வழங்கியை நடத்துவோருள் பலர் தன்னார்வலர். பராமரிப்புச் செலவையும் ஒழுங்குபடுத்தும் உழைப்பையும் எவரேனும் ஏற்றாக வேண்டும். 2024 நவம்பரில் 2 கோடிப் பயனரைக் கடந்த புளூஸ்கையும், கணக்கை இடம்பெயர்க்கும் உரிமையைத் தன் அடிப்படைக் கொள்கையாக அறிவித்துள்ளது. அவ்வுரிமை எந்த அளவு நடைமுறையாகிறது என்பதைக் கொண்டே அதனை மதிப்பிட வேண்டும்.

முடிவுரை

தளத்தை விட்டு நீங்குதல் தன்னளவில் அறமும் அன்று, மறமும் அன்று. உடன் உரையாடியவருக்குச் செல்லுமிடத்தை அறிவித்து, வர இயலாதாரோடு தொடர்பைப் பேணி, புதிய இடத்தின் பராமரிப்பில் பங்கேற்று நீங்குவோரின் செயல் அறத்தின்பாற்படும். இன்றியமையாமையால் தங்குவோரைப் பழிப்பதற்கு அவருக்கும் உரிமை இல்லை. குளம் தமதாக வேண்டுமென விரும்புவோர் கரை கட்டும் உழைப்பையும் ஏற்க வேண்டும். அதனை ஏற்காது இடம் மட்டும் மாறுவோர், ஓர் உடைமையாளரை விட்டு மற்றோர் உடைமையாளரின் வாயிலில் நிற்பவராகவே இருப்பர்.