சொல்லித் தந்தவருக்குச் சேர வேண்டியது

அமெரிக்காவில் சுருட்டுப் பழக்கம் உள்ளவர்களிடையே ஓயாத வாதம் ஒன்று உண்டு: சுருட்டை ஊரில் உள்ள புகையிலைக் கடையில் வாங்குவதா, இணையத்தில் வரவழைப்பதா? பெரும்பாலும் அது விலைப் பேச்சாகத் தொடங்கி விலைப் பேச்சாகவே முடிந்துவிடுகிறது. ஆனால் அதற்குள் ஓர் அறக் கேள்வி இருக்கிறது. சுருட்டைக் கையால் தொடாதவர்களுக்கும் அந்தக் கேள்வி உரியது. ஒருவர் கடைக்குப் போகிறார். அரை மணி நேரம் கடைக்காரரைக் கேள்வி கேட்கிறார். எது காரமானது, எது மென்மையானது, தன் விருப்பத்துக்கு எது ஒத்துவரும் என்று தெரிந்துகொள்கிறார். வெறுங்கையோடு வெளியே வந்து, அதே சுருட்டில் இருபதோ இருபத்தைந்தோ அடங்கிய பெட்டியைக் கைப்பேசியில் வேறொரு மாநிலத்துக்காரரிடம் வாங்கிவிடுகிறார். சட்டப்படி அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனாலும் தனக்குச் சேராத ஒன்றை அவர் எடுத்துச் சென்றிருக்கிறார் என்றே நான் கருதுகிறேன். அது என்ன, அதற்கு ஏன் கடன்பட்டிருக்கிறார், அந்தக் கடன் எந்த எல்லையில் தீர்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில், கடை தருவது என்ன என்று பார்ப்போம். கையால் சுற்றப்படும் நல்ல சுருட்டு மூன்று அடுக்கு இலைகளால் ஆனது: உள்ளே நிரப்பும் இலை, அதைப் பிடித்துக் கட்டும் இலை, மேலே போர்த்தும் இலை. நிகராகுவாவின் எஸ்தெலி, டொமினிக்கன் குடியரசின் சாந்தியாகோ, ஹோண்டுராஸின் தன்லி போன்ற ஊர்களில் சுற்றப்பட்டு அமெரிக்காவுக்கு வரும் இந்தச் சுருட்டை வெறும் அலமாரியில் அடுக்கி வைத்துவிட முடியாது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 65 முதல் 70 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் இலை வறண்டு வெடிக்கும். மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெப்பம் ஏறினால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து, உள்ளிருந்தே துளைத்துவிடும். அதனால்தான் நல்ல கடைகளில் ஸ்பானிய சீடார் எனப்படும் மரப்பலகை வேய்ந்த தனி அறை இருக்கிறது. இரவு பகலாக அதன் ஈரமும் சூடும் கண்காணிக்கப்படுகின்றன. 1962 பிப்ரவரியில் கியூபாவின் மீது வணிகத் தடை விதிக்கும் ஆணையில் கையெழுத்திடும் முன், அதிபர் கென்னடி தம் ஊடகச் செயலர் பியர் சாலிஞ்சரை அனுப்பித் தமக்குப் பிடித்த கியூபச் சுருட்டுகளை வாங்கிவரச் சொன்னார். சாலிஞ்சர் பின்னாளில் சொன்ன கணக்குப்படி, மறுநாள் காலைக்குள் 1,200 சுருட்டுகள் கிடைத்துவிட்டன. அந்தக் கதையை எல்லோரும் அதிகாரத்தின் குறும்பாகச் சொல்வார்கள். வாஷிங்டன் நகரின் கடைக்காரர்கள், யார் வருவார்கள் என்று தெரியாமலே, தங்கள் சொந்த முதலைப் போட்டு அத்தனை சுருட்டுகளையும் கெடாமல் காத்து வைத்திருந்ததுதான் என் கண்ணில் படுகிறது. காத்து வைப்பதும், காத்து வைத்ததைப் பற்றிச் சொல்லத் தெரிந்திருப்பதும் உழைப்பு. ஆனால் விலைச் சீட்டில் அதற்குத் தனி வரி கிடையாது.

இணையத்தில் விலை குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. நியூயார்க் மாநிலம் சுருட்டின் மொத்த விலையில் 75 சதவீதத்தை வரியாக வாங்குகிறது. பென்சில்வேனியாவும் ஃபுளோரிடாவும் பெரிய சுருட்டுகளுக்கு அத்தகைய வரி எதுவும் விதிப்பதில்லை. தபால் வழியும் இணைய வழியும் சுருட்டு விற்கும் பெரிய நிறுவனங்கள் அந்த இரு மாநிலங்களில் வேர்விட்டதில் வியப்பில்லை. சிகரெட்டைத் தபாலில் அனுப்பத் தடை விதித்த 2010ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமும் சுருட்டை விட்டுவிட்டது. விற்பனை வரியும் நெடுங்காலம் இணையத்துக்கே சாதகமாக இருந்தது: தன் எல்லைக்குள் கடையோ கிடங்கோ இல்லாத வணிகரை ஒரு மாநிலம் வரி வசூலிக்கச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1992இல் சொன்னது, 2018இல்தான் அந்தத் தீர்ப்பு மாறியது. இந்த வேறுபாடுகளுக்கு வாங்குபவர் பொறுப்பில்லை. வாடகை குறைவான கிடங்கில் வைத்து விற்பதால் விலை குறைந்தால் அதுவும் நியாயமான மலிவே. ஆனால் இணைய வணிகருக்கு இன்னொரு செலவும் மிச்சமாகிறது: வாங்குபவருக்கு யாரோ ஏற்கெனவே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பொருளியலாளர் லெஸ்டர் டெல்சர் 1960இலேயே இதைத் தெளிவாக எழுதினார். விளக்கிச் சொல்லும் கடைக்கு வந்து தெரிந்துகொண்டு, விளக்கம் எதுவும் தராத மலிவுக் கடையில் வாங்கத் தொடங்கினால், விளக்கும் கடைகள் விளக்குவதை நிறுத்திவிடும் என்பது அவர் வாதம். 2007இல் லீஜின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறைந்தபட்ச விலையை வகுப்பது எப்போதுமே சட்டவிரோதம் என்ற 1911ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கைவிட்டபோதும் இந்த வாதத்துக்குப் பெரும் பங்கு இருந்தது.

இப்படிச் செய்தால் கடைகள் அழியும் என்பது ஒரு விளைவுதானே தவிர, செய்வது தவறு என்பதற்கு அது மட்டும் சான்றாகாது. எத்தனையோ கடைகள் நியாயமாகவே அழிந்திருக்கின்றன. கடன் ஒன்று இருக்கிறது என்று காட்ட வேறு அடிப்படை வேண்டும். சட்ட மெய்யியலாளர் எச். எல். ஏ. ஹார்ட் 1955இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அந்த அடிப்படை கிடைக்கிறது: பலர் விதிகளுக்குக் கட்டுப்பட்டு, தங்கள் சுதந்திரத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டு ஒரு கூட்டு முயற்சியை நடத்தும்போது, அதன் பயனை அனுபவித்தவரும் தம் பங்கைச் செய்யக் கடமைப்பட்டவர். இதற்கு மிக வலுவான மறுப்பு 1974இல் மெய்யியலாளர் ராபர்ட் நோசிக்கிடமிருந்து வந்தது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒலிபெருக்கி ஒன்றை அமைத்து, நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்துப் பாட்டும் செய்தியும் கதையும் வழங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் அவர். நீங்களும் சன்னலைத் திறந்து சில நேரம் கேட்டு மகிழ்ந்தீர்கள். 138 நாள் கழித்து உங்கள் முறை வருகிறது. ஒரு நாளை அதற்குக் கொடுத்தே ஆக வேண்டுமா? வேண்டியதில்லை என்பது நோசிக்கின் முடிவு. கேட்காத ஒருவர் மீது பயனைக் கொட்டிவிட்டு, பிறகு விலை கேட்க யாருக்கும் உரிமை இல்லை. இந்த மறுப்பைத் தாண்டாமல் கடைக்காரருக்காக யாரும் வாதாட முடியாது.

சுருட்டின் வரலாற்றிலேயே இதற்கான விடை இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1865இல் ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் வாசிப்பவர் ஒருவரை அமர்த்தும் வழக்கம் தொடங்கியது. நூற்றுக்கணக்கானோர் வரிசையாக அமர்ந்து இலையைச் சுற்றிக்கொண்டிருக்க, உயரமான மேடையிலிருந்து ஒருவர் செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிப்பார். ஸ்பானியக் குடியேற்ற அரசு அடுத்த ஆண்டே அதைத் தடை செய்யும் அளவுக்கு அந்த வாசிப்புக்கு வலிமை இருந்தது. 1880களில் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் இபோர் சிட்டி என்ற சுருட்டுத் தொழிற்பகுதி உருவானபோது கியூபத் தொழிலாளர்களோடு அந்த வழக்கமும் கடல் தாண்டியது. வாசிப்பவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் தொழிலாளர்கள். அவருக்குக் கூலி கொடுத்தவர்களும் அவர்களே, தங்கள் வாரக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். நோசிக்கின் ஒலிபெருக்கியைப் போலவே இங்கும் ஒரு குரல் கூடம் முழுதும் பரவியது. காசு கொடுக்காதவர் காதிலும் அதே நாவல்தான் விழும். இருந்தும் கொடுத்தார்கள். ஏனென்றால் அந்தக் குரல் அவர்கள் மேல் திணிக்கப்பட்டதன்று; அவர்களே வேண்டும் என்று கேட்டு, எதை வாசிக்கலாம் என்று வாக்களித்து அமைத்துக்கொண்டது. 1931இல் டாம்பா முதலாளிகள், வாசிப்பவர்கள் தீவிரவாதக் கருத்துகளைப் பரப்புகிறார்கள் என்று சொல்லி அவர்களை நீக்கியபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னர் அந்த மேடைகளின் இடத்தை வானொலி பிடித்தது. தானாக வந்து விழும் பயனுக்கும், தெரிந்தே நாடிப் பெறும் பயனுக்கும் உள்ள வேறுபாட்டை மெய்யியலாளர் ஏ. ஜான் சிம்மன்ஸ் 1979இல் வகைப்படுத்தி எழுதினார். டாம்பாவின் தொழிலாளர்கள் அதைத் தங்கள் கூலியில் ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். கடைக்குப் போய்க் கேள்வி கேட்பவரும் நாடிச் சென்றவர். சன்னல் வழியாக அவர் வீட்டுக்குள் எதுவும் புகவில்லை. கதவைத் திறந்து உள்ளே போனவர் அவரே. நோசிக்கின் மறுப்பு அவருக்குப் பொருந்தாது.

கடைக்காரர் விரும்பித்தானே சொன்னார், அது அவருக்கு ஒரு விளம்பரம், சில முறை பலிக்கும், சில முறை பலிக்காது என்று வாதிடுவார்கள். இதில் உண்மை இருக்கிறது. வள்ளுவர் செய்ந்நன்றி அதிகாரத்தில் உயர்த்திப் பேசும் உதவி, கைம்மாறு எதையும் எடைபோடாமல் செய்த உதவி. கடைக்காரர் எடைபோட்டே செய்கிறார். ஆகவே அவருக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள் என்று சொல்வது மிகை. அதற்கு அடுத்த அதிகாரமான நடுவு நிலைமை வணிகரைப் பற்றிய குறளோடு முடிகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே நல்ல வணிகம் என்பது அதன் கருத்து. அந்த அறம் விற்பவருக்குச் சொல்லப்பட்டது. வாங்குபவரும் வணிகத்தில் ஒரு பக்கம்தானே. கடைக்காரரின் நேரத்தைத் தன் நேரம்போலக் கருத அவருக்கும் கடமை உண்டு. கடைக்காரர் துணிந்து பந்தயம் கட்டுகிறார் என்பது மெய்தான். ஆனால் அவர் பந்தயம் கட்டுவது, வந்தவருக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பதன் மீது. வந்தவர் வாங்க முடிவு செய்துவிட்டே, ஆனால் இங்கே வாங்குவதில்லை என்றும் முடிவு செய்துவிட்டே வாயைத் திறந்தால், அதைச் சொல்லாமல் மறைத்தால், பந்தயம் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது; ஒருவருக்கு மட்டும் அது தெரியும். ‘நான் இணையத்தில்தான் வாங்கப் போகிறேன், எது நல்லது என்று சொல்லுங்கள்’ என்று வெளிப்படையாகக் கேட்கத் தயங்குகிறோம் என்பதே, அங்கே ஏதோ ஒன்று மறைக்கப்படுகிறது என்பதற்குப் போதிய சான்று. அப்படிச் சொல்லிக் கேட்டு, கடைக்காரர் அப்போதும் சொல்லித் தந்தால், அது கொடை. அங்கே கடன் இல்லை.

இதைவிடக் கனமான மறுப்பு, விற்கப்படும் பொருளைப் பற்றியது. சுருட்டு தீங்கானது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றின் புற்றுநோய்க்கு அது காரணமாகிறது என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998இல் தனி நூலாகவே வெளியிட்டது. புகையை உள்ளிழுக்காவிட்டால் பாதகமில்லை என்ற நம்பிக்கைக்கு அதில் இடமில்லை. அத்தகைய பொருளை விற்பவருக்கு அறக் கடன் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்டால், நான் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட மாட்டேன். புகையிலைக் கடைகள் நிலைத்திருக்க வேண்டும் என்பது என் வாதமே இல்லை. சுருட்டை விட்டுவிடுபவர் எந்தக் கடைக்காரருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. அவர் போவதால் கடை மூடினாலும் அவர்மேல் பழி இல்லை. ஆனால் பொருளின் தீமையைக் காட்டி விலகும் உரிமை, விலகுபவருக்கு மட்டுமே உண்டு. அதே சுருட்டை வேறிடத்தில் வாங்கிப் புகைத்துக்கொண்டே, ‘தீய பொருள் விற்பவனுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்’ என்பவர், தீமையை மலிவாக வாங்கிக்கொண்டு அதன் பெயரால் நியாயத்தையும் தள்ளுபடி கேட்கிறார். தீய தொழிலில் இருப்பவருக்கும் கூலியை ஏமாற்றக் கூடாது.

கடனின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைப் பெருக்கிக் காட்டுவது அதை மறுப்பதற்குச் சமமான பிழை. ஊர்க் கடையை வாழவைப்பது எல்லாருடைய கடமை என்று உருகுவோர் உண்டு. அது எனக்கு ஏற்புடையதன்று. பல ஆண்டு பழகித் தன் விருப்பத்தைத் தானே அறிந்தவர், கடைப்பக்கம் போகாமல் நேரே இணையத்தில் வாங்கினால் யாருக்கும் கடன்படவில்லை. அருகில் கடையே இல்லாத ஊர்க்காரர் நிலையும் அதுவே. இணைய வணிகர் ஒருவரின் விரிவான குறிப்புகளைப் படித்துத் தெளிந்து, பிறகு வேறு மலிவான தளத்தில் வாங்குபவரோ, கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் போனவரைப் போலவே கடன்காரர். கடையா இணையமா என்பதைவிட, யாரிடம் கற்றோம் என்பதே இங்கே எடை பெறுகிறது. கற்றதற்கு ஈடு வாழ்நாள் விசுவாசம் என்றும் இல்லை. கடைகளில் ஒற்றைச் சுருட்டாகவும் விற்பார்கள். பெட்டியாக வாங்கும் கணக்கைவிட அதன் விலை பெரும்பாலும் கூடுதல். கேட்டுத் தெரிந்த அந்தச் சுருட்டில் ஒன்றிரண்டைக் கடைக்காரர் சொன்ன விலைக்கே வாங்கிவிட்டவர், அன்றைய பேச்சுக்கு உரியதைக் கொடுத்துவிட்டார் என்றே நான் எண்ணுவேன். பிறகு அவர் பெட்டியை எங்கே வாங்கினாலும் கேட்க எனக்கு நியாயம் இல்லை. வாரந்தோறும் வந்து புதிது புதிதாகக் கேட்டுக்கொண்டே, ஒவ்வொரு முறையும் பெட்டியை வேறிடத்தில் வாங்குபவருக்கு அந்த ஒற்றைச் சுருட்டு போதாது. எத்தனை போதும் என்பதற்கு வாய்பாடு கிடையாது. ஆனால் தான் என்ன செய்கிறேன் என்பதைக் கடைக்காரரிடம் முகம் பார்த்துச் சொல்ல முடியுமா என்று அவர் தம்மையே கேட்டுப் பார்க்கலாம். சொல்ல முடியாத இடம் எதுவோ, கடன் அங்கேதான் நிலுவையில் நிற்கிறது.