சோறு போட்டுச் சுடலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு ராத்திரி. ரொட்டி சானாய், கோழிக்கறி, தே தாரேக். நண்பன் போனில் ஒரு காணொளி காட்டினான். அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் காட்டோரமா ஒரு துண்டு நிலத்தைத் திருத்தி, க்ளோவர், ஓட்ஸ் எல்லாம் விதைக்கிறார்கள். மான்கள் வந்து மேய்ந்து பழகிவிடும். வேட்டைக்காலம் வந்ததும் மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்து சுடுவார்கள்.

"சாப்பாடு போட்டுக் கொல்றது துரோகம்டா" என்றேன்.

"கோழிக்கும் தீனி போட்டுத்தானே வளர்க்கிறாங்க? அந்த மானாவது கடைசி வரைக்கும் சுதந்திரமா இருந்துச்சு" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. தட்டில் இருந்தது கோழி.

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய விஷயம் உப்புமண். மலாயில் ஜெனுட் என்பார்கள். தாதுச்சத்துக்காக மான், தாபிர், செலாடாங் எல்லாம் அங்கே வரும். தாமான் நெகாராவில் அதற்கு எதிரே பும்புன் என்ற மறைவிடங்கள் உண்டு. அங்கே ராத்திரி முழுக்க விழித்திருப்பவர்கள் கையில் கேமராதான். உப்புமண் பக்கத்தில் வேட்டையாடுவதை நம் சட்டம் தடுக்கிறது. சம்பார் மானை ஐ.யு.சி.என். 2008லேயே அழியும் ஆபத்துள்ள இனங்களில் சேர்த்துவிட்டது; நம் புலிக்கும் அதுதான் இரை. சரி, மான் குறையாத ஊரில்? கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

மறைந்து நின்று அம்பு விட்டது சரியா என்று வாலி கேட்டான். மனிதர்கள் மிருகங்களை ஒளிந்திருந்தும் வேட்டையாடுவார்கள், அதில் குற்றமில்லை என்பது வால்மீகியில் ராமன் சொல்லும் பதில்களில் ஒன்று. ஆனால் வள்ளுவர், கூடாவொழுக்கத்தில், போலித் துறவிக்கு உவமையாக எடுப்பதே புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடனைத்தான்! ஒளிவதைவிட, வேஷம் போடுவதுதான் அவரை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். மானுக்கு இருக்கிற ஒரே கவசம் பயம். அந்தத் தோட்டம் முதலில் கழற்றுவது அதைத்தான்.

கோழிக்கு அந்தக் கவசமும் கிடையாது, நாம்தான் தலைமுறை தலைமுறையாகக் கழற்றிவிட்டோம். அப்படியென்றால் நண்பன் சொன்னது வேட்டைக்காரனை விடுவிக்கவில்லை, என்னையும் பக்கத்தில் நிறுத்துகிறது.

கிள்ளானுக்குத் திரும்பியதும் பாட்டியிடம் சொன்னேன். செம்பனைத் தோட்டத்தில் இருந்தபோது தாத்தா மரவள்ளிக்கிழங்கு போட்டுக் காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பாராம். "திங்க வந்ததை அடிக்காதீங்கன்னு சொல்வேன். கேட்க மாட்டாரு" என்றார்.

"அப்புறம் கறி சமைச்சது யாரு பாட்டி?"

"நான்தான்" என்று சிரித்தார்.