தூண்டிலும் விருந்தும்: ஓர் அறவியல் நோக்கு

மாத்தளை மாவட்டத்தின் தென்பகுதி மலையால் ஆனது. வடபகுதி குளங்களால் ஆனது. நகரிலிருந்து நாலந்தா, நாவுல வழியாகத் தம்புள்ளையை நோக்கிச் செல்பவன், கொக்கோவும் இறப்பரும் பின்தங்க, வறண்ட வலயத்துக் காட்டு மரங்களும் அவற்றினூடே விரிந்த நீர்ப்பரப்புகளும் தோன்றுவதைக் காண்பான். கண்டலமை, தேவகுவை முதலிய குளங்களோடு 2017 இல் நீர் நிரப்பத் தொடங்கிய மொறகஹகந்த நீர்த்தேக்கமும் இன்று சேர்ந்துள்ளது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நகரத்துக் குடும்பங்கள் உறவினரையும் விருந்தினரையும் அழைத்துக்கொண்டு இக்குளங்களின் அலைகரைக்கு வருவதுண்டு. பெண்கள் மரநிழலில் அடுப்பு மூட்டுவர்; ஆண்களும் சிறுவர்களும் தூண்டிலோடு நீரோரம் அமர்வர். பிடிபடும் மீன் அங்கேயே குழம்பாகும்.

இக்காட்சியில் அறவினா எதுவும் இருப்பதாக முதற்பார்வைக்குத் தோன்றாது. விருந்தினர் மகிழ்கின்றனர், பிள்ளைகள் பொறுமை கற்கின்றனர், உணவு வீணாவதில்லை. ஆயினும், தூண்டிலில் துடிக்கும் மீனைக் கண்ட விருந்தினர் வீட்டுச் சிறுமி ஒருத்தி, “மாமா, இதற்கு நோகாதா?” என்று கேட்டுவிட்டாள் எனக் கொள்ளலாம். அவளுக்கு என்ன விடை கூறுவது?

நோகாது என்று கூறுவது இனி எளிதன்று. மீன்களின் நோவுணர்வு பற்றி நெடுங்காலம் ஐயம் நிலவியது. 2003 இல் லின் சினெடன் முதலானோர் திறவுட் மீனின் தலைப்பகுதியில் ஊறுணரும் நரம்பு முனைகள் இருப்பதை எடுத்துக்காட்டியபின், ஐயத்தின் பாரம் மறுப்போர் தோளுக்கு மாறியது. விலங்கு பகுத்தறிவுடையதா என்பதன்று, துன்புறக்கூடியதா என்பதே வினா என்ற பெந்தமின் நிலைப்பாட்டுக்கு இது வலுவூட்டுகிறது. விலங்குகள்பால் மனிதனுக்கு நேரடிக் கடமை இல்லை, அவற்றைக் கொடுமை செய்பவனின் உள்ளம் வன்மையடைவதே தீங்கு என்று கருதிய கான்ற்றின் நெறியும், தூண்டில் பிடிப்பவனை அவன் பிள்ளைகள் அருகிருந்து பார்க்கும்போது, முற்றிலும் ஒதுக்கத்தக்கதாக இல்லை.

தமிழ் மரபு இவ்வினாவை வேறொரு வகையில் அணுகுகிறது. வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். புலான்மறுத்தலையும் கொல்லாமையையும் துறவறவியலில் வைத்தார். இவ்வைப்புமுறையைச் சான்றாகக் காட்டி, இல்வாழ்வானுக்குக் கொல்லாமை கட்டாயமன்று என்று வாதிடுவோர் உளர். அவ்வாதம் வசதியானது, வசதியானது என்பதாலேயே ஐயுறத்தக்கது. எனினும் அதனுள் ஓர் உண்மை பொதிந்துள்ளது. துறவி தன் ஒருவனுக்காகவே நோன்பேற்கிறான். இல்லறத்தான் கைகளோ பிறருக்கு ஊட்டும் கைகள். அவன் தன்னைத் தூயவனாக்கிக்கொள்ளும்போது அதன் விலையைச் செலுத்துபவர் யார் என்று கேட்கவேண்டியவனாகிறான்.

ஓர் அரசு துறவியின் நோன்பை ஏற்றால் யாது நிகழும்? இலங்கை இதற்கு விடை கண்டிருக்கிறது. ஆபிரிக்காவைச் சேர்ந்த திலாப்பியா மீன் 1952 இல் இந்நாட்டு நீர்நிலைகளில் அறிமுகமாயிற்று. காலப்போக்கில் வறண்ட வலயக் குளங்களின் மீன்பிடி பெரும்பாலும் அதையே சார்ந்தது. கடல் மீன் புதிதாக வந்து சேராத உட்பகுதிக் கிராமத்து ஏழைக்கு மலிவான புரதம் அதுவே. 1990 இல் அரசு, உயிர்க்கொலைக்குத் துணைபோதல் ஆகாது என்னும் சமயக் கருத்தின் அழுத்தத்தால், உள்நாட்டு மீன்பிடிக்கும் மீன்வளர்ப்புக்கும் அளித்துவந்த ஆதரவை நிறுத்தியது. கடல் மீன்பிடிக்கு அவ்விலக்கு நீளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது; கடல்மீனின் உயிர் எவ்வகையில் குறைந்தது என்பதை எவரும் விளக்கியதாகத் தெரியவில்லை.

அந்நோன்பால் குளங்களில் மீன்கள் பிழைத்தனவா? இல்லை. மீனவன் வலையைக் கரையேற்றவில்லை. அவனைக் கண்காணித்தவனே கரையேறினான். நீர்த்தேக்கங்களில் செவுள்வலையின் கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையலாகாது என்னும் விதி, இளமீன்கள் ஒருமுறையேனும் இனம்பெருக்க வாய்ப்பளிப்பதற்கானது. அதனைக் காப்போர் இல்லாதபோது சிறுகண் வலைகள் பெருகின. குஞ்சு விடும் பணி தளர்ந்தது. குளங்களின் விளைவும் வீழ்ந்தது. 1994 இல் ஆதரவு மீண்டது. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இத்துறைக்கென ஓர் அதிகாரசபை அமைக்கப்பட்டது; அதன் நிலையங்களுள் ஒன்று தம்புள்ளையிலேயே மீன்குஞ்சுகளை வளர்க்கிறது.

கொல்லாமையைப் போற்றிய அத்துறவியரின் இரக்கம் பொய்யன்று. ஆனால், தன் கை கறைபடாதிருத்தலும் உயிர்கள் மடியாதிருத்தலும் ஒன்றல்ல. முன்னதை நாடியவன் பின்னதை எய்தினேன் என்று எண்ணிக்கொள்வதே இங்கு நேர்ந்த பிழை. மீனைச் சந்தையில் வாங்கும் விருந்தோம்புநன் தூண்டிற்காரனைவிடத் தூயவன் என்று எண்ணுவதும் இதே பிழையின் சிறு வடிவம். உண்பவர் இல்லையேல் விற்பவரும் இல்லை என்று வள்ளுவர் இதனை முன்பே கண்டிருக்கிறார். அலைகரையில் அமர்ந்திருப்பவனுக்கு ஒரு நேர்மையேனும் உண்டு. தன் செயலைத் தன் கண்ணாலேயே காண்கிறான்.

எனின், காண்பவன் எதைக் காணவேண்டும்? மீனையே. “மீன்” என்னும் பொதுச்சொல்லுக்குள் அறவியல் நோக்கில் வேறுபட்ட இரு நிலைகள் அடங்கியுள்ளன. மொசாம்பிக் திலாப்பியாவின் பெண்மீன் கருவுற்ற முட்டைகளை வாயிலேந்தி அடைகாப்பது; குஞ்சுகள் வெளிப்பட்ட பின்னரும் அச்சம் நேர்ந்தால் அவை தாயின் வாய்க்குள்ளே புகுந்துகொள்ளும். அந்நாட்களில் அது பெரும்பாலும் உண்பதில்லை. எனவே மண்புழு கோத்த தூண்டில் அதனை எளிதில் ஏமாற்றாது. வலைக்கு இவ்வேறுபாடு தெரியாது. தூண்டில் பசியை மட்டுமே ஏமாற்றும் கருவி என்ற அளவில், அறியாமலே ஒரு வரம்பைக் காக்கிறது.

விராலின் நிலை வேறு. மழையால் நீர் பரவும் காலத்தில் அது நீர்ப்பூண்டுகளினிடையே இடம் ஒதுக்கி முட்டையிடும். செந்நிறப் பார்ப்புகள் திரளாக நீர்மட்டத்தில் எழுந்தமிழும்போது, பெற்ற மீன், பெரும்பாலும் ஆண், அத்திரளின் கீழ் நின்று காவல் செய்யும். நெருங்கும் எதனையும் பாய்ந்து தாக்கும். தூண்டிற்காரர் இதனை நன்கறிவர். செந்திரளைக் கண்டு அதன் நடுவே பொய்யிரையை இழுத்தால் விரால் தப்பாமல் கவ்வும். இங்கு அது கவ்வியது பசியாலன்று. பிள்ளைகளைக் காக்கும் பொருட்டே.

இது இத்தீவுக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்க ஏரிகளில் கிராப்பி என்னும் மீன் இளவேனிலில் ஆழத்தைவிட்டுக் கரையோரம் வந்து கூடமைக்கிறது. ஆண்மீன் முட்டைகளுக்குக் காவல் நிற்கிறது. குடும்பங்கள் விருந்தினரோடு படகேறுவதும் அப்பருவத்திலேயே. மீன் எளிதில் அகப்படும் பருவம் என்று மகிழ்ச்சியோடு கூறப்படுவது, மீன் தன் குஞ்சுகளைவிட்டு அகல மறுக்கும் பருவமேயாகும்.

பிடித்த மீனை மீள விட்டுவிட்டால் குற்றம் நீங்காதா எனலாம். ஜேர்மனியச் சட்டம் தக்க காரணமின்றி முதுகெலும்புள்ள உயிரை வருத்துவதைத் தடுக்கிறது. உணவு காரணமாகும், பொழுதுபோக்கு மட்டும் காரணமாகாது. சுவிற்சர்லாந்து, விடும் நோக்கத்தோடு பிடிப்பதையே விலக்கியது. உண்பதற்காகக் கொல்பவன் விளையாட்டுக்காக வருத்திவிடுபவனிலும் மேலானவன் என்னும் இத்தீர்ப்பு முதலில் வியப்பூட்டினும், சிந்திக்குந்தோறும் நியாயமாகவே படுகிறது. மேலும், காவல் மீனை விடுவதால் மட்டும் நிலைமை சீராவதில்லை. வட அமெரிக்கப் பாஸ் மீன்களை ஆராய்ந்தோர், காவல் நின்ற ஆண்மீன் சிறிதுபொழுது அகற்றப்பட்டாலும் பிற மீன்கள் புகுந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்டுவிடுவதைக் கண்டனர். அதனை நீரில் விடுபவன் அது காத்துநின்றதை அதற்குத் திருப்பிக் கொடுப்பதில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். இறக்கும் மீனுக்குப் பசியால் கவ்வியதும் பாசத்தால் கவ்வியதும் ஒன்றுதானே? நோவு நோவுதானே? உண்மை; மீனின் பக்கம் நின்று நோக்கின் நோவளவில் வேறுபாடு காண்பது அரிது. ஆனால் பார்ப்புத் திரள் காவலற்றுப்போவது பசியால் கவ்விய மீனின் சாவில் நேர்வதில்லை. பிடிப்பவன் பக்கமோ வேறுபாடு இன்னும் பெரிது. அவனும் ஒரு தந்தை. அவன் பிள்ளைகள் அருகில் நிற்கின்றனர். எந்தப் பண்பை வீட்டில் அறம் என்று கற்பிக்கிறானோ, அதே பண்பைக் குளத்தில் பொறியாகப் பயன்படுத்துகிறான். விருந்தினர் முன் பெரிய மீனொன்றைக் காட்டவேண்டும் என்னும் ஆசை இதற்குத் தக்க காரணமாகுமா? விருந்தினருக்கு வேண்டுவது உணவு. கைப்பருமனுள்ள நான்கு திலாப்பியாக்கள் அதனைச் செய்துவிடும்.

சிறுமியின் கேள்விக்கு நேர்மையான விடை, “நோகும்” என்பதே. அதன்பின் அந்த மாமன் தூண்டிலைச் சுருட்டிவிடலாம். அல்லது, மதிய உணவுக்கு இன்னும் இரண்டு வேண்டும் என்று கூறி, பிடித்ததைத் துடிக்கவிடாமல் விரைந்து கொன்று, மீண்டும் தக்கையை நீரில் இடலாம். நாணலோரம் செந்திரள் தெரியுமாயின் வேறிடம் பார்த்து நகர்வான். ஏன் நகர்கிறோம் என்று அவள் கேட்பாள். அதற்கும் அவன் விடை கூறவேண்டியிருக்கும்.