விசா கிடைத்த ஊர்

ஊரைவிட்டு விரட்டப்படுவது கலைஞனுக்கு நல்லது என்று ஒரு பேச்சு நம் இலக்கிய வட்டாரத்தில் உண்டு. யாரும் இவ்வளவு பச்சையாகச் சொல்வதில்லை. 'புலம்பெயர்ந்ததால்தான் எழுத்தில் இவ்வளவு அடர்த்தி', 'வலிதான் எழுத வைத்தது' என்று சுற்றிவளைத்துச் சொல்வார்கள். ஈழத்து எழுத்தைப் பற்றிய கூட்டங்களில் இதை அடிக்கடி கேட்கலாம். எனக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வால்டர் காஃப்மன் என்ற யூத இசைக்கலைஞரை வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

பெயர் தெரியாவிட்டாலும் அவர் இசையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆல் இந்தியா ரேடியோ காலையில் தொடங்கும்போது தம்புரா சுருதிமேல் வயலின் வருமே, அந்த அடையாள இசை 1936-இல் அவர் அமைத்தது என்றுதான் பரவலாகச் சொல்கிறார்கள். சிவரஞ்சனி ராகம். எங்கள் அய்யம்பாளையத்தில் தென்னந்தோப்புக்குத் தண்ணி பாய்ச்சக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு காலத்தில் அதுதான் கடிகாரம். அதை ஒரு யூதர் அமைத்தார் என்று அங்கே சொன்னால், 'நம்ம ரேடியோ மியூசிக்கையா?' என்று சிரிப்பார்கள்.

காஃப்மன் 1907-இல், இன்றைய செக் குடியரசில் இருக்கும் கார்ல்ஸ்பாட்டில் பிறந்தவர். பெர்லினில் இசை படித்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறுவருடம், 1934-இல், பம்பாய் வந்தார். ஏன் இந்தியா? ஆன்மிகத் தேடல் என்று ஏதாவது எதிர்பார்ப்போம். விசா சுலபமாகக் கிடைத்தது என்பதுதான் அவர் சொன்ன காரணம். அவரை எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். நம் இசை முதலில் அவருக்குச் சுத்தமாகப் புரியவில்லை. இத்தனை பேர் மனசைக் கொடுக்கிற ஒன்றில் குறை இருக்க முடியாது, குறை தன்னிடம்தான் என்று முடிவுசெய்து, உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

இதுவரைக்கும் நல்ல கதைதான். அவர் மனைவி கெர்ட்டி, காஃப்காவின் தங்கை எல்லியின் மகள். எல்லியை 1941-இல் நாஜிகள் பிராகிலிருந்து வூச் கெட்டோவுக்கு அனுப்பினார்கள். காஃப்காவின் மூன்று தங்கைகளில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பிராகின் இன்னொரு இசையமைப்பாளர் எர்வின் ஷுல்ஹாஃப், சோவியத் நாட்டுக்கு விசா வாங்கியும் கிளம்புவதற்குள் கைதாகி, 1942-இல் முகாமில் காசநோயில் இறந்தார். மென்பொருள்காரனுக்கு இது தெரிந்த விஷயம்: செத்துப்போன சர்வர் லாக் அனுப்பாது. வந்த லாக்கை மட்டும் படித்துவிட்டு 'சிஸ்டம் நல்லா ஓடுது' என்று சொல்லக் கூடாது.

தப்பியவர்கள் இழந்தது என்ன? பெரும்பாலும், சொல்லாமலே புரிந்துகொள்கிற ஆட்களை. பெர்லினில் இலக்கியப் பத்திரிகை நடத்திய வில்லி ஹாஸ் பம்பாயில் சினிமாவுக்குத் திரைக்கதை எழுதினார். யுத்தம் முடிந்து ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகு, மிலேனாவுக்குக் காஃப்கா எழுதிய கடிதங்களை 1952-இல் பதிப்பித்தவர் அவர்தான். காஃப்மன் திரும்பவில்லை. 1946-இல் இந்தியாவிலிருந்து கிளம்பி இங்கிலாந்து, கனடா, கடைசியில் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம். அங்கே உட்கார்ந்து வட இந்திய ராகங்களுக்கு 1968-இல் ஒரு புத்தகம், தென்னிந்திய ராகங்களுக்கு 1976-இல் இன்னொன்று. அவர் எழுதிய சேம்பர் இசை என்ன ஆனது? ஐரோப்பியக் காதுக்கு அதில் இந்தியா அதிகம், நம் காதுக்கு ஐரோப்பா அதிகம். 1984-இல் இறந்தார். கனடாவின் ஏ.ஆர்.சி. குழு அந்தப் படைப்புகளில் சிலவற்றுக்கு ஒரு முழு இசைத்தட்டு போட்டது 2020-இல்.

பிராகிலேயே இருந்திருந்தால் அவர் காதில் சிவரஞ்சனி விழுந்திருக்குமா என்று கேட்கலாம். விழுந்திருக்காதுதான். ஆனால் 'எல்லாம் நல்லதுக்குத்தான்' என்ற வாக்கியத்தை அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம், நாம் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. லாபம் நமக்கு வந்தது. அதைக் கொண்டுபோய் அவர் கணக்கில் வரவு வைக்கிறோம்.

ஷோபாசக்தி நடித்த 'தீபன்' 2015-இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கியபோது இங்கே நிறையப் பேர் இதே வேலையைச் செய்தார்கள். பாரிஸ் ஏதோ அவருக்குக் கொடுத்த ஸ்காலர்ஷிப் மாதிரி. புலம்பெயர்ந்த எழுத்தாளர் ஒருவர் மேடையில் இருக்கும்போது, 'அங்க போனதாலதானே அண்ணே இப்படி எழுத முடிஞ்சுது?' என்று யாராவது எழுந்து கேட்பதும் அந்த ரகம்தான். கேட்க வேறு கேள்விகள் இருக்கின்றன: விசா எப்படிக் கிடைத்தது, முதல் வேலை என்ன, எத்தனை மணிக்கு எழுத உட்கார்ந்தீர்கள், எழுதியதில் எவ்வளவு தொலைந்தது.