பாட்டைக் கேட்கிறோமா, ஸ்பீக்கரைக் கேட்கிறோமா?



தொழிற்பயிற்சியில் கிடைத்த அலவன்ஸைச் சேர்த்து வைத்ததில் என் கையில் இப்போது 3,000 ரிங்கிட் இருக்கிறது. என் அறையில் உள்ள 450 ரிங்கிட் ஸ்பீக்கர் ஜோடி நல்லாத்தான் பாடுது. ஆனால் ஒரு கடையில் 2,800 ரிங்கிட் ஜோடியைக் கேட்டதிலிருந்து மனசு அங்கேயே நிக்குது. வாங்கலாமா, வேண்டாமா? சின்ன விஷயம்தான். ஆனால் கைப்பேசி, மோட்டார் சைக்கிள், கார் என்று நாம் எல்லாரும் ஏதோ ஒன்றில் இதே இடத்தில் நிற்கிறோம். 'போதும்' என்பது எங்கே இருக்கிறது?

இதற்கு இரண்டு ரெடிமேட் பதில்கள் உண்டு. பெரியவர்கள், "பாட்டு கேட்க இவ்வளவு காசா? ஆசையை அடக்கு" என்பார்கள். நண்பர்கள், "உன் காசு, உன் இஷ்டம். இப்ப வாங்காம எப்ப வாங்கப் போற?" என்பார்கள். இரண்டுமே நம்மை யோசிக்க விடுவதில்லை.

முதலில் ஆசைக்கு நியாயம் செய்வோம். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தரும் ஆழமான நாதம் கைப்பேசி ஸ்பீக்கரில் வராது. அவ்வளவு சின்னப் பொருளால் போதிய காற்றைத் தள்ள முடியாது. நல்ல ஸ்பீக்கரில் அந்த நாதம் முதல்முறை நெஞ்சில் வந்து தட்டும்போது, இத்தனை நாள் பாதிப் பாட்டைத்தான் கேட்டோம் என்று புரியும். பல வருஷம் சாதகம் செய்த ஒருவரின் வாசிப்பை முழுசாகக் கேட்க விரும்புவது தப்பில்லை.

ஆனால் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க, ஆம்ப்ளிஃபையரின் சக்தி இரண்டு மடங்கானால் போதாது. சுமார் 10 மடங்கு வேண்டும். நம் காது அப்படி அமைந்திருக்கிறது. மகிழ்ச்சியும் ஏறக்குறைய அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கைப்பேசியிலிருந்து 450 ரிங்கிட் ஸ்பீக்கருக்கு வந்தது பெரிய தாவல். அங்கிருந்து 2,800க்குப் போவதில் செலவு பெரிசு, படி சின்னது. அதோடு முடிவதும் இல்லை. "இதுக்குத் தகுந்த ஆம்ப்ளிஃபையர் வேணும்" என்று கடையிலேயே சொல்லிவிட்டார்கள்!

அடுத்து, ஆசைப்படுவது காதா, கண்ணா? ஒலியியல் ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே ஆட்களை ஒரே ஸ்பீக்கர்களைக் கேட்க வைத்தார்கள்: ஒருமுறை பார்த்தபடி, ஒருமுறை பார்க்காமல். பார்த்தபோது பெரிய, விலை கூடிய ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் ஏறியது. சின்ன, மலிவான ஸ்பீக்கருக்கு இறங்கியது. காதைவிடக் கண் அதிகம் பேசியிருக்கிறது.

அறையும் ஒரு வாத்தியம்தான். என் அறையின் நீளம் சுமார் 3.4 மீட்டர். ஒலியின் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 50 ஹெர்ட்ஸ் அருகே அறையே அதிரத் தொடங்கும். ஓர் இடத்தில் பேஸ் மொத்தமாகக் குமுறும். வேறோர் இடத்தில் காணாமல் போகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஸ்பீக்கர் இதே அறையில்தான் பாட வேண்டும். சுவரிலிருந்து அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கக் காசு வேண்டாம். எதிரொலியைக் குறைக்கக் கனமான திரைச்சீலை போதும்.

இவ்வளவும் பொறியியல். கஷ்டமான பகுதி இனிமேல்தான். பணத்துக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். தங்கச்சி இந்த வருஷம் எஸ்.பி.எம். எழுதுகிறாள், அடிக்கடி நின்றுபோகும் பழைய மடிக்கணினியில் படிக்கிறாள். அப்பா இன்னும் ஓவர்டைம் செய்கிறார். படிப்பு முடிந்ததும் நான் பி.டி.பி.டி.என். கடனைக் கட்டத் தொடங்க வேண்டும். அம்மாவிடம் கேட்டால், "உனக்குப் பிடிச்சா வாங்கிக்கப்பா" என்றுதான் சொல்வார். அந்த அனுமதியை வைத்து முடிவெடுப்பது சுலபம். தனக்கென்று எதுவும் கேட்காதவர்களின் தேவையை நாமே கணக்கில் எழுதுவதுதான் நேர்மை.

அதற்காக, உலகில் கஷ்டம் தீரும்வரை யாரும் பாட்டே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படி வாழ்ந்தால் வீட்டில் சங்கீதமே இருக்காது. வரிசை முக்கியம், அவ்வளவுதான்.

என் முடிவு இது. முதலில் தங்கச்சிக்கு மடிக்கணினி. பிறகு அறையைச் சரிசெய்வேன். மறுபடி பணம் சேர்ந்ததும் கடைக்குப் போய், இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே சத்த அளவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு 10 தடவை கேட்பேன். சத்தம் கொஞ்சம் கூடினாலே 'இதுதான் நல்லது' என்று காது ஏமாந்துவிடும். அதனால் அளவு சமமாக இருக்க வேண்டும். அப்போதும் காது அதையே தேர்ந்தெடுத்தால், குற்ற உணர்ச்சி இல்லாமல் வாங்குவேன்.

அதுவரை ஒரு பயிற்சி. தினமும் ஒரு பாட்டை, கைப்பேசியைத் தொடாமல், முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறேன். புது ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் பலர் ஒரு பாட்டில் அரை நிமிஷம் கேட்டுவிட்டு, "பேஸ் எப்படி?" என்று அடுத்ததுக்குத் தாவுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்பது ஸ்பீக்கரை. பாட்டைக் கேட்பதற்கு வேண்டிய பொறுமையை எந்தக் கடையிலும் விற்பதில்லை. நீங்களும் எதையாவது மாற்ற நினைக்கிறீர்களா? இப்போது இருப்பதை முழுசாகப் பயன்படுத்திவிட்டோமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.