விலை கேளா அன்பு

"தொண்டு என்பது தூண்டில், கல்வியும் மருந்தும் அதிலே குத்திய புழு, கவ்விய மீனைக் கரையிலே போட்டு ஞானஸ்நானம் கொடுப்பார்கள்!" தோழர்கள் பலர் இப்படிப் பேசக் கேட்டிருக்கிறோம். கிறிஸ்தவர் ஒருவர் பள்ளி திறந்தாலும், புண்ணைக் கழுவினாலும், தெருவிலே கிடந்த குழந்தையைத் தூக்கி எடுத்தாலும், நம்மிடையே ஐயம் முந்துகிறது. ஐயப்படுவது குற்றமன்று. ஐயம் அறிவின் வாயிற்படி. ஆனால் வாயிற்படியிலேயே அமர்ந்துகொண்டு, வீட்டுக்குள் எட்டியும் பாராமல் தீர்ப்பு வழங்குவது பகுத்தறிவாளருக்கு அழகாகாது.

உள்ளே சென்றுதான் பார்ப்போமே.

மலையிலிருந்து துள்ளி இறங்கித் தாமிரபரணியிலே கலக்கும் மணிமுத்தாற்றை, 1958-இல் கட்டிய அணை தடுத்து நிறுத்துகிறது. அந்த அணையிலிருந்து மேற்கு மலையின் அடிவாரத்தை ஒட்டித் தெற்கே சென்றால் களக்காடு வரும். அதற்கும் தெற்கே டோனாவூர். பெயர் தமிழாகத் தோன்றவில்லையே என்பீர்கள். தமிழன்றுதான். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் இரேனியுஸ், தம் பணிக்குப் பொருளுதவி செய்த பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனாவின் பெயரை இவ்வூருக்குச் சூட்டினார். கொடுத்தார் ஒருவர், கொடைக்கு ஈடாக ஓர் ஊரே அவர் பெயரைச் சுமந்தது. குழல்விளக்கிலே 'உபயம்' என்று பெரிய எழுத்தில் எழுதி, வரும் வெளிச்சத்தையும் பாதியாக்கிவிடும் நம்மவர்கள் இதைக் கண்டு நகைக்க வேண்டாம்.

அதே டோனாவூருக்கு 1901-இல் வந்தார் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்திலே 1867-இல் பிறந்தவர். 1895-இல் இந்தியாவிலே காலடி வைத்தவர். பிறகு தாயகம் திரும்பாதவர். பொட்டுக்கட்டி ஆண்டவனுக்கு மணமுடிப்பதாகச் சொல்லி, ஆண்டவனல்லாத அனைவருக்கும் பெண்ணை விற்றுவிடும் வழக்கம் அன்று இந்நாட்டிலே கொடிகட்டிப் பறந்தது. அந்தப் படுகுழியிலிருந்து தப்பி ஓடிவந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி 1901-இல் அம்மையாரிடம் அடைக்கலம் புகுந்தாள். ஒருத்தி வந்தாள், பலர் வந்தனர். கைக்குழந்தைகள் வந்தன. 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்ந்தனர். கால் கழுவி, சோறூட்டி, காய்ச்சலிலே கண்விழித்து வளர்த்தார். 1931-இல் கீழே விழுந்து அடிபட்ட பின் பெரும்பாலும் படுக்கையிலேயே இருபதாண்டு கழித்து, 1951 ஜனவரி 18-இல் மறைந்தார்.

தம் கல்லறையின்மீது கல் நடலாகாது என்று அவர் சொல்லியிருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை அங்கே வைத்து, 'அம்மா' என்ற ஒரே சொல்லைப் பொறித்தனர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊழியத்தின் வெற்றிகளை வண்ணம் தீட்டிக் காட்டினால்தான் சீமையிலே காணிக்கை பெருகும் என்று நினைத்த காலம் அது. அம்மையாரோ தோல்வியையும் துயரையும் உள்ளபடியே எழுதி அனுப்பினார். "உற்சாகமூட்டும்படி மாற்றித் தருக" என்று கையெழுத்துப்படி திரும்பி வந்தது. மாற்ற மறுத்தார், 1903-இல் அந்நூல் மாறாமலே வெளிவந்தது. பொய்யினால் கிடைக்கும் பொருளை, அது நல்ல காரியத்துக்கே ஆயினும், வேண்டாம் என்ற அந்த உறுதியை நாம் குழந்தைகளைக் காத்த செயலுக்குக் குறைவாக மதிக்க மாட்டோம்.

"பிள்ளைகளைக் கிறிஸ்தவர்களாகத்தானே வளர்த்தார்?" ஆம், அப்படித்தான் வளர்த்தார். நம் நாட்டை இருளிலே கிடக்கும் நாடு என்றும் எழுதினார். மறைக்க மாட்டோம், அக்கருத்துக்குத் தலையாட்டவும் மாட்டோம். ஆனால் கேட்கிறோம்: அவருடைய நம்பிக்கையை எடுத்து ஒருபுறம் வைத்துவிட்டாலும், காப்பாற்றப்பட்ட சிறுமி அங்கே நிற்கிறாளா, இல்லையா? நிற்கிறாள். செயலை எடுத்துவிட்டு நம்பிக்கையை மட்டும் தராசிலே வைத்தால், தட்டு அசையுமா?

இந்த அளவுகோல் நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து திணித்ததன்று. கிறிஸ்தவர் போற்றும் நூலிலேயே இருக்கிறது. கள்வரால் அடிபட்டு வழியிலே கிடந்தவனை ஆசாரியன் பார்த்து விலகினான், லேவியனும் விலகினான். தீண்டத்தகாதவன் போல் ஒதுக்கப்பட்ட சமாரியன்தான் காயம் கட்டி, சத்திரத்திலே சேர்த்து, செலவுக்குப் பணமும் கொடுத்துப் போனான். உன் மதம் என்ன என்று கேட்கவில்லை; என் மதத்துக்கு வா என்றும் சொல்லவில்லை. வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்பதும் அந்நூலின் கட்டளையே. அப்படியானால் மோட்சத்திலே இடம் பிடிக்கச் செய்யும் உதவி, ஆள் சேர்க்கச் செய்யும் உதவி, இரண்டும் அவர்கள் வேதத்தின்படியே வாணிபம்! நாம் கண்டிப்பதற்கு முன்பே, அவர்களுடைய ஏசுவே கண்டித்துவிட்டார். விலை கேளாமல் அன்பு செய்யும் கிறிஸ்தவரும், மோட்சத்தையே நம்பாமல் அன்பு செய்யும் நாத்திகரும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களாகிறார்கள்.

ஆனால் பரிவு மட்டும் போதுமா? டோனாவூரிலே ஒவ்வொரு குழந்தையாகக் காப்பாற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஊர்தோறும் புதிதாகப் பொட்டுக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். சட்டமன்றத்திலே முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் வாதாடினார். மேடைதோறும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் முழங்கினார், 1936-இல் நாவலே எழுதினார். 1947-இல்தான் சென்னை மாகாணத்திலே தடைச்சட்டம் வந்தது. சட்டம் வரும்வரை அந்தக் குழந்தை காத்திருக்க முடியாது. அதனால் ஏமி அம்மையாரின் வீடு தேவைப்பட்டது. வீடு எத்தனை பெரிதானாலும் படுகுழியை மூடாது. அதனால் மற்ற இரு அம்மையாரும் தேவைப்பட்டனர்.

கிறிஸ்தவரின் அன்புக்கு உண்மையான சோதனை சொந்த வீட்டுக்குள்ளே இருக்கிறது. ஊரார் குழந்தைக்குப் பால் வார்ப்பது எளிது. தன் பக்கத்திலே மண்டியிடுபவனைச் சமமாக ஏற்பது கடினம். நெல்லைச் சீமையிலேயே சான்று உண்டு. வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயில், கால்சட்டையின் இரு கால்கள் போல் இரு பிரிவாகக் கட்டப்பட்டது. பீடம் ஒன்று, வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம், நடுவே சுவர். அன்பே கடவுள் என்று இருபுறமும் பாடினார்கள்; சுவருக்குக் காது கேட்கவில்லை போலும்! மதம் மாறியும் சாதி மாறாத கொடுமை ஒடுக்கப்பட்டோரை இன்றும் விட்டபாடில்லை. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் குறித்த 1950-ஆம் ஆண்டு ஆணையோ, கிறிஸ்தவரானால் சாதி போய்விட்டது என்று கருதி அவர்களுடைய சலுகையைப் பறிக்கிறது. திருச்சிக் கல்லறைத் தோட்டத்துச் சுவர், போகவில்லை என்று சாட்சி சொல்கிறது.

வடக்கன்குளத்துச் சுவரை நாத்திகர் இடிக்கவில்லை. 1910-இல், காணிக்கை குறையும், கூட்டம் குறையும் என்று தெரிந்திருந்தும், பாதிரிமாரே இடித்தார்கள். உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் சுவர் தங்கள் உரிமை என்று நீதிமன்றம் ஏறினார்கள், தோற்றார்கள். கூண்டிலே ஏறும்போது அவர்களும் வேதத்தின்மீது கை வைத்துத்தான் சத்தியம் செய்திருப்பார்கள்.