அப்பா சொல்லாதவை

அப்பா தபால்காரர். காசு விஷயத்தில் சுத்தமானவர் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். அதை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பணம் கணக்கில் வருவது. குறைந்தால் மறுநாளே கேள்வி வரும். எந்தக் கணக்கிலும் வராத ஒன்றை அவர் காத்தார். ஊரார் வீட்டுச் சங்கதிகளை.

சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்கள். பட்டாளத்திலோ, திருப்பூர் பனியன் கம்பெனியிலோ, சென்னை மளிகைக் கடையிலோ ஆள் இல்லாத வீடு குறைவு. அவர்கள் அனுப்பும் பணம் மணியார்டரில் வரும். 100 ரூபாய்க்கு 5 ரூபாய் கமிஷன் போனாலும் வேறு வழி கிடையாது. முதியோர் உதவித்தொகையும் அப்படித்தான் வந்தது. ஆகவே எந்த மகன் மாதம் தவறாமல் அனுப்புகிறான், எவன் கல்யாணத்துக்குப் பிறகு பாதியாகக் குறைத்துவிட்டான், எந்த வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது, எல்லாம் அப்பாவுக்குத் தெரியும். அடுத்தவர் தபாலைப் பிரிக்கிற ஊழியருக்கு அன்றைய 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தில் சிறைத்தண்டனை இருந்தது. பிரிக்காமலே தெரிந்துகொண்டதை டீக்கடையில் அவிழ்த்தால் யார் வந்து பிடிப்பது?

விடுமுறை நாட்களில் அவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். மணியார்டர் பாரத்தின் அடியில் இரண்டு வரி எழுதச் சிறிது இடம் இருக்கும். படிக்கத் தெரியாத கிழவிகளுக்கு அதை அப்பாதான் படித்துச் சொல்ல வேண்டும். திண்ணையில் அக்கம்பக்கத்தார் இருந்தால், "ஆத்தா, கொஞ்சம் தண்ணி குடு" என்று உட்கார்ந்துவிடுவார். தாகமெல்லாம் ஒன்றும் இல்லை. கூட்டம் கலைய வேண்டும், அவ்வளவுதான். கைநாட்டு வைப்பவர்களுக்குச் சாட்சி ஒருவர் வேண்டும். சாட்சிக்கு வருகிறவருக்குத் தொகை தெரிந்துவிடும். அதனால் எதிரே நிற்கிறவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்க மாட்டார். "யாரைக் கூப்பிடட்டும்?" என்று அந்தக் கிழவியையே கேட்பார். "இந்த மாசம் அனுப்ப முடியாது, இனிமேல் கேட்காதே" என்று எழுதியிருந்தாலும் ஒரு சொல் மாற்றாமல் படிப்பார். குரலை மட்டும் இறக்கிக்கொள்வார்.

வீட்டிலும் அதே வாய்தான். அம்மா எதையாவது கிண்டினால், "அவங்க வீட்டுத் தபால் அவங்களுக்கு" என்பதோடு முடித்துவிடுவார். தன் உடம்பு நோவைக்கூட இப்படியே பூட்டி வைத்தார். அதை நான் நற்குணத்தில் சேர்க்க மாட்டேன்.

நான் பள்ளி ஆசிரியன். விடைத்தாள் கொடுக்கும்போது மதிப்பெண்ணை உரக்கப் படிக்கும் வழக்கம் என்னிடம் இல்லை. மடித்துத்தான் கொடுப்பேன். எந்தப் பிள்ளையின் அப்பா குடிக்கிறார், யார் வீட்டில் காலையில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் எங்களுக்கும் தெரிந்துவிடுகிறது. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவை அக்கறை என்ற பெயரில்தான் வந்து விழுகின்றன. உதவ வேண்டும் என்றால் தலைமையாசிரியர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும் என்பது என் கட்சி. இதை அப்பா எனக்கு உட்கார வைத்துச் சொன்னதில்லை. சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்தபோது ஒட்டிக்கொண்டதாகத்தான் இருக்க வேண்டும்.

அப்பாவின் இந்த மௌனத்துக்கு ஒரு விலையும் இருந்தது. அத்தை மகளுக்கு எங்கள் ஊரிலேயே ஒரு வரன் வந்தது. பையன் சென்னையில் வேலை. "அண்ணே, மாசம் எவ்வளவு அனுப்புறான்னு மட்டும் சொல்லு" என்று அத்தை கேட்டார். பெண் கொடுக்கிற வீடு கேட்கிற நியாயமான கேள்வி. அப்பா சொல்லவில்லை. "மெட்ராஸுக்கு ஒரு எட்டுப் போய், அவன் கூட வேலை பாக்கிறவங்ககிட்ட விசாரிச்சுக்க தாயி. பஸ் காசு நான் தாறேன்" என்றார். மாமா போய் விசாரித்துவிட்டு வந்தார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. அவர் விசாரித்ததில் என்ன தெரிந்தது என்றுகூட அப்பா கேட்டுக்கொள்ளவில்லை.

தன் தங்கைக்கே உதவாதவன் என்று அத்தை வெகுநாள் பேசாமல் இருந்தார். அன்று எனக்கும் அப்பா மேல் கோபம்தான். இன்று என்னிடம் கேட்டால், அப்பா செய்தது சரி என்பேன். ஒரு வீட்டுக்குச் சொல்லிவிட்டால் அடுத்த வீட்டுக்கு மறுக்க முடியாது. அதற்குப் பிறகு எந்தக் கிழவியும் அவரை நம்பிக் கடிதத்தைப் படிக்கக் கொடுத்திருக்க மாட்டாள். அந்தப் பழைய மணியார்டர் முறை 2015-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அத்தையின் கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.